மகரந்தம் தூவிய கைகள்: சிலாங்கூர்ச் செம்பனைத் தோட்டங்களில் மறக்கப்பட்ட ஒரு பணி

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வரலாறு இதுகாறும் பெரும்பாலும் பால்மரத்தை நடுவாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. சஞ்சிக்கூலி முறை, கங்காணி முறை, லயத்து வாழ்க்கை, கள்ளுக்கடை, தொழிற்சங்கப் போராட்டம், தோட்டத் துண்டாடல் ஆகியன குறித்து நூல்களும் ஆய்வேடுகளும் வெளிவந்துள்ளன. தோட்டங்கள் செம்பனைக்கு மாறிய பின்னர் அங்கு நிகழ்ந்த வேலைகள் பற்றிய எழுத்து இவற்றோடு ஒப்பிடுகையில் குறைவேயாகும். அவ்வாறு குறைவாகப் பேசப்பட்டவற்றுள்ளும் ஏறக்குறைய விடுபட்டே போன ஒரு வேலை உண்டு. செம்பனையின் பெண் பாளைகளில் கையால் மகரந்தம் தூவும் வேலையே அது. 1960-களிலும் 1970-களிலும் சிலாங்கூர் உள்ளிட்ட பல மாநிலங்களின் தோட்டங்களில் இவ்வேலை நடைபெற்றது. பெரும்பாலும் பெண்களே இதனைச் செய்தனர். 1981-இல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு வண்டு தோட்டங்களில் விடப்பட்டது. மிகக் குறுகிய காலத்தில் அவ்வேலை மறைந்தது.

உலகெங்கும் தேனீயும் வண்டும் கூலியின்றிச் செய்துவரும் ஒரு தொழில், சிலாங்கூர் மண்ணில் எவ்வாறு பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கப்படும் கூலி வேலையாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனை விளங்கிக்கொள்ள, இம்மண்ணுக்குரிய தேனீக்கள் செய்துவரும் வேலையை முதலில் நோக்குதல் வேண்டும்.

மண்ணின் தேனீக்கள்

தமிழ்மரபு பூவையும் வண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை. வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு எனப் பூவை நாடும் சிற்றுயிர்களுக்குச் சங்க இலக்கியம் பல பெயர்களை வழங்கியுள்ளது. குறுந்தொகையின் இரண்டாம் பாடலே ஒரு தும்பியை விளித்துக் கேள்வி கேட்பதாக அமைந்ததாகும். ஆயினும் இவ்வுயிர்கள் வராவிடின் காய் இல்லை என்னும் உழவியல் உண்மை, தோட்டப்புறத்தில் குடியேறிய தமிழருக்கு இலக்கியத்தின் வழி தெரியவந்ததன்று. லயத்தின் பின்புறத்துக் காய்கறிப் பாத்தியின் வழியாகவே அது தெரிந்திருந்தது எனலாம்.

ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தோட்டத் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிட்டுக்கொள்ள ஒதுக்க வேண்டும் என விதித்திருந்தது. அத்தகைய சிறு நிலங்களில் கத்தரி, வெண்டை, பூசணி, சுரை, பாகல், பீர்க்கு, முருங்கை ஆகியவற்றை நம்மவர் வளர்த்தனர். பூசணி, சுரை முதலிய கொடிகளில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஆண்பூவின் மகரந்தம் ஒட்டுந்தன்மை உடையதாகையால் காற்றில் பறப்பதில்லை. பூச்சி வந்து எடுத்துச் சென்றால்தான் பெண்பூ காயாகும். இல்லையேல் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். கத்தரிப் பூவில் மகரந்தம், உப்புப் புட்டியிலிருந்து உப்பு கொட்டுவதுபோல் மகரந்தப்பையின் நுனித் துளை வழியே வெளியேற வேண்டும். தச்சுத்தேனீ, நீலவரித் தேனீ போன்றவை அப்பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து அதனை உதிர்க்கின்றன. கூடுகட்டிக் கூட்டமாக வாழாத இத்தனித் தேனீக்கள் ஒரு துளித் தேனும் மனிதருக்குத் தருவதில்லை. அதனாலேயே அவற்றை எவரும் பொருட்படுத்தியதில்லை.

தீபகற்ப மலேசியாவிற்கே உரிய தேனீக்கள் பலவாகும். உயர்ந்த துவாலாங் மரக்கிளைகளில் பெரிய ஒற்றை அடையைத் தொங்கவிடும் மலைத்தேனீ, மரப்பொந்திலும் தென்னங்கட்டையிலும் பல அடைகளை அடுக்கிவைக்கும் அடுக்குத்தேனீ, மலாய்க்காரர் ‘கெலுலுட்’ என வழங்கும் கொட்டாத கொசுத்தேனீ ஆகியன அவற்றுள் நாம் நன்கறிந்தவை. கொசுத்தேனீயில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இத்தீபகற்பத்தில் உள்ளன. காடு அருகிருந்த வரையில் பழமரங்களுக்கும் காய்கறிகளுக்கும் தென்னைக்கும் வேண்டிய பூச்சிகள் தாமே வந்து சேர்ந்தன.

பூவையும் அதனை நாடும் உயிரையும் பிணைக்கும் தொடர்பு எத்துணைத் தொலைவு செல்லக்கூடியது என்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே சிறந்த சான்று உண்டு. அது தேனீயைப் பற்றியதன்று, வௌவாலைப் பற்றியது. டுரியான் பூ மாலையில் மலர்ந்து இரவில் வேலைமுடிக்கும் பூவாகும். மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூப்பாட்மோ, இயோ ஆகிய இருவரும் 1976-இல் டுரியானின் இனப்பெருக்கம் பற்றிய ஆய்வினை வெளியிட்டபோது, அதன் மகரந்தச் சேர்க்கையில் தேனுண்ணும் குகைவௌவாலின் பங்கினை எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில் ஸ்டார்ட், மார்ஷல் ஆகிய இருவர், பத்துமலைக் குகைகளில் வாழும் இவ்வௌவால்களின் எச்சத்திலிருந்த மகரந்தத்தை ஆராய்ந்து அவை எவ்வெம் மரங்களை நாடுகின்றன என வெளிப்படுத்தினர். டுரியான், பெத்தாய் ஆகியவற்றோடு, கடற்கரையோர அலையாத்திக் காட்டின் ‘பெரெப்பாட்’ மரப்பூக்களும் அவற்றின் உணவாயிருந்தன. அதன்பொருட்டு அவை ஓரிரவில் 38 கிலோமீட்டர் வரை பறந்து சென்றன. டுரியான் ஆண்டில் சில வாரங்களே பூக்கும். எஞ்சிய மாதங்களில் வௌவாலைக் காப்பாற்றியது அலையாத்திக் காடாகும். தைப்பூசத்திற்குப் படியேறிய நம் முன்னோருக்கு, தலைக்குமேல் தொங்கிய அவ்வௌவால்களே ஊரின் டுரியான் விளைச்சலைத் தாங்கி நின்றன என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கிள்ளான் கரையோர அலையாத்திக் காடுகளின் பெரும்பகுதி பின்னர்த் துறைமுகத்திற்கும் தொழிற்பேட்டைக்கும் இடங்கொடுத்துவிட்டது.

மரம் வந்தது, பூச்சி வரவில்லை

இவ்வாறு உள்ளூர் மரமும் உள்ளூர் உயிரும் ஒன்றையொன்று தேடிக்கொண்ட நிலத்தில், காலனியாட்சி வேற்றுக் கண்டத்து மரங்களை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டது. 1890-களில் கிள்ளான் வட்டாரம் லைபீரியக் காப்பிக்குப் பெயர்பெற்றிருந்தது. கேரித் தீவிற்குத் தம் பெயரை விட்டுச்சென்ற எட்வர்ட் வேலன்டைன் கேரியும் காப்பிப் பயிரிட்டவரே. லைபீரியக் காப்பி தன் மகரந்தத்தால் தானே காய்க்காத இனமாகையால், வேறு செடியின் மகரந்தம் காற்றாலோ தேனீயாலோ வந்துசேர வேண்டும். அடுத்திருந்த காடு அதற்குத் துணைநின்றது. பிரேசில் காப்பியின் பெருக்கத்தால் விலை வீழ்ந்ததும், தேனீயைப்போலவே தோற்றமளிக்கும் ஒருவகைப் பருந்துப்பூச்சியின் புழுக்கள் இலைகளை மொட்டையடித்ததும் அப்பயிரின் வீழ்ச்சிக்குக் காரணங்களாயின.

அடுத்து வந்த பால்மரத்திற்கு இச்சிக்கல் எழவில்லை. பால்மரத்தின் பயன் பட்டையிலுள்ளது. பூ காய்த்தால் என்ன, காய்க்காவிட்டால் என்ன? ஒட்டுக்கட்டு முறை பரவிய பின் விதையின் தேவையும் குறைந்தது. புதிய உயர்விளைச்சல் இனங்களை உருவாக்குவதற்கு மட்டுமே பூவின்மீது கைவைக்க வேண்டியிருந்தது. 1925-இல் நிறுவப்பெற்ற மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1928 முதல் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து இனக்கலப்பில் ஈடுபட்டது. சுங்கை பூலோவில் அமைந்த அதன் ஆய்வுத் தோட்டத்தின் பெயரை நாடறியும். பிற்காலத்தில் தோட்டமெங்கும் நிறைந்த ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ என்னும் இனம் இத்தகைய கலப்பின் பயனே. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்குப் பூவும் பூச்சியும் வேலையோடு தொடர்பற்ற செய்திகளாகவே இருந்தன என்பது இங்குக் கருதத்தக்கது. தமிழகத்தின் மார்த்தாண்டத்தில், 1924 முதல் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் முயற்சியால் தேனீ வளர்ப்பு வேரூன்றி, பின்னர் ரப்பர் மரத்தின் இளந்தளிர்களில் சுரக்கும் இனிப்புநீரே அவ்வட்டாரத் தேனின் பேரூற்றாயிற்று. அதே மரத்தின் நிழலில் இங்கு வாழ்ந்த நம்மவரிடையே அத்தகைய தொழில் வளரவில்லை. வேலை, வீடு, நிலம் யாவும் தோட்டத்துக்குரியனவாயிருந்த வாழ்வில் அதற்கு இடமேது?

செம்பனையின் வரலாறு வேறு. மேற்கு ஆப்பிரிக்காவிற்குரிய அம்மரத்தின் நான்கு கன்றுகள் 1848-இல் சாவகத்தின் போகோர் தாவரவியல் தோட்டத்தை அடைந்தன. அவற்றின் வழிவந்த விதைகள் சுமத்திராவின் டெலிப் பகுதியில் பரவி, அங்கிருந்து சிலாங்கூருக்கு வந்தன. ஹென்றி ஃபோக்கொனியே என்னும் பிரெஞ்சுக்காரர், 1917-இல் பத்தாங் பெர்சுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கினார். அவ்வூர் 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்குகின்றது. வெற்றிபெறாத காப்பிச் செடிகளுக்கு மாற்றாகவே அங்குச் செம்பனை நடப்பட்டது. இவரே மலாயாத் தோட்ட வாழ்வை வைத்தெழுதிய புதினத்திற்காக 1930-இல் பிரான்சின் கொன்கூர்ப் பரிசைப் பெற்றவர். முள் நிறைந்த அம்மரத்தைத் தோட்டத்துத் தமிழர் ‘முள்ளுத்தேங்காய்’ என்றனர். செம்பனை என்னும் அழகிய பெயர் எழுத்து வழக்கில் நிலைத்தது.

கப்பலில் வந்தது விதை மட்டுமே. ஆப்பிரிக்காவில் அதன் பாளையைச் சுற்றி வாழ்ந்த வண்டினங்கள் வரவில்லை. இது ஒரு குறையென எவருக்கும் தோன்றாமைக்குக் காரணம், செம்பனை காற்றினால் கருவுறும் மரம் என்னும் நம்பிக்கையே. 1934-இல் ஜாகோ என்பவர் மலாயா வேளாண் இதழில் செம்பனையின் மகரந்தச் சேர்க்கை பற்றிய தம் சோதனைகளை எழுதியுள்ளமை, இச்செய்தி அன்றே ஆய்வாளரின் கவனத்திற்கு வந்திருந்ததைக் காட்டுகின்றது. எனினும் காற்றின்மீதான நம்பிக்கை 1970-கள் வரை நீடித்தது.

பெண்களின் கைகள்

நிலைமையைக் கடுமையாக்கியவை இரண்டு. முதலாவது பரப்பு. 1960-இல் ஏறத்தாழ 55,000 ஹெக்டராக இருந்த மலேசியாவின் செம்பனைப் பரப்பு 1980-இல் 10 இலட்சம் ஹெக்டரைத் தாண்டியது. பால்மர விலை தளர, சிலாங்கூரிலும் தோட்டம் தோட்டமாகப் பால்மரம் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. இரண்டாவது புதிய கலப்பினம். தடித்த ஓடுடைய பழைய டெலி இனத்திற்கு மாற்றாக, மெல்லிய ஓடும் மிகுந்த எண்ணெயும் உடைய இனம் நடவுக்கு வந்தது. விளைச்சலுக்கென்றே தெரிந்தெடுக்கப்பட்ட இம்மரங்கள், இளமையில் பெண் பாளைகளையே மிகுதியாக ஈன்றன. வளமான மண்ணும் போதிய ஈரமும் இருப்பின் இப்போக்கு இன்னும் மிகும். செம்பனையில் ஒரே மரத்தில் ஆண் பாளையும் பெண் பாளையும் மாறிமாறித் தோன்றுமேயன்றி ஒரே காலத்தில் பெரும்பாலும் தோன்றுவதில்லை. ஆகவே ஒரு மரத்தின் பெண் பாளைக்கு மற்றொரு மரத்தின் மகரந்தம் தேவை. தோட்டம் முழுவதும் பெண் பாளையாகவே நின்றால் மகரந்தம் எங்கிருந்து வரும்? குலைகள் காய்ப்பிடிக்காமல் அழுகின. பிடித்தவையும் பாதி பொக்காயின.

தோட்ட நிருவாகங்கள் கண்ட தீர்வு மனிதக் கை. முதலில், மலர்ந்த ஆண் பாளைகளை முதிர்ந்த வயல்களில் தேடி வெட்டிவந்து, மகரந்தத்தை உதிர்த்துச் சலித்து உலர்த்தினர். அது முகத்திற்குப் பூசும் மாவினைப் போன்ற டால்க் தூளுடன் பல மடங்காகக் கலக்கப்பட்டது. பின்னர் அக்கலவையைக் கையால் அழுத்தித் தூவும் சிறு கருவியில் நிரப்பிக்கொண்டு தொழிலாளர் நிரை நிரையாகச் சென்றனர். ஒவ்வொரு மரத்தின் மட்டை இடுக்கிலும் குனிந்து நோக்கி, ஏற்கும் நிலையிலுள்ள பெண் பாளையைக் கண்டறிந்து தூவ வேண்டும். பெண்பூ மகரந்தத்தை ஏற்கும் காலம் இரண்டு முதல் மூன்று நாளே. ஆகவே ஒரே வயலை வாரத்தில் இரண்டு மூன்று முறை சுற்றிவர வேண்டியிருந்தது. ஒரு சுற்றுத் தவறினால் அவ்விடைவெளியில் விரிந்த பாளைகள் வீணாகும்.

இதனைத் திறன்வேண்டாத வேலையென்று அக்காலத்துத் தோட்ட நிருவாகம் வகைப்படுத்தியிருக்கக்கூடும். பார்வையின் நுட்பத்தை எண்ணின் அவ்வாறு கூற இயலாது. இன்னும் விரியாத பாளைக்கும் விரிந்து ஏற்கும் பாளைக்கும் காலங்கடந்த பாளைக்கும் உள்ள வேறுபாட்டைச் சூல்முடியின் நிறமே காட்டும். வெளிர்மஞ்சளாயிருப்பின் தூவலாம், செந்நிறமோ கருநிறமோ ஏறியிருப்பின் பயனில்லை. ஏற்கும் நிலையிலுள்ள பாளை சோம்பினைப் போன்று மணக்கும். அம்மணத்திற்குக் காரணமான வேதிப்பொருளைச் செர்டாங்கிலுள்ள அன்றைய வேளாண் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1985-இல் இனங்கண்டு எழுதினர். அதற்கு முன்னரே நிரையில் நடந்த பெண்கள், சமையற்கட்டில் நாள்தோறும் கையாளும் ஒரு பொருளின் வாசனையை முள்மட்டைகளுக்கிடையே முகர்ந்திருந்தனர்.

நூலிழை போன்ற உறை பாளையை மூடியிருக்கும். அதனை விலக்குகையில் மட்டையின் அடிமுள் கையைக் கிழிக்கும். களை பறித்தல், உரம் போடுதல், மருந்து தெளித்தல், உதிர்ந்த பழம் பொறுக்குதல் ஆகியவற்றோடு இதுவும் பெண்களின் பங்காயிற்று. அரிவாளேந்திக் குலை வெட்டுதல் ஆண்களுக்குரியதாயிருந்தது. குலையின் எடை ஏறினால் அறுவடைக் கணக்கில் அது தெரியும். அக்குலையில் காய் பிடித்ததற்குக் காரணமான கை எக்கணக்கிலும் தெரியாது. அன்றைய சிலாங்கூர்த் தோட்டங்களில் உழைப்போர் பெரும்பான்மையும் தமிழராயிருந்தமையின், இவ்வேலையின் வரலாறும் நம் வரலாறேயாகும். தோட்டப் பெண்களின் உழைப்பை எழுதப் புகுந்தோர் காலைப்பெரட்டு, ஆயாக் கொட்டகை, பால்வாளி ஆகியவற்றோடு நின்றுவிடுவது பெருங்குறை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தேனீக்கள் வந்தன, வேலை நடக்கவில்லை

இந்நாட்டுத் தேனீக்கள் செம்பனையை அறவே புறக்கணித்தன என்று கருதுதல் தவறாகும். ஆண் பாளை விரிந்ததும் அடுக்குத்தேனீயும் கொசுத்தேனீயும் மகரந்தம் திரட்ட அங்கு வருவதுண்டு. ஆனால் செம்பனைப் பூவில் தேன் இல்லை. பெண் பாளையில் மகரந்தமும் இல்லை. கூலி இல்லாத இடத்திற்குத் தேனீ எதற்காகச் செல்லும்? ஆண் பாளையில் மூட்டை கட்டிக்கொண்டு அது கூட்டிற்குத் திரும்பிவிடும். தீபகற்பத்தில் இருவகைப் பாளைகளிலும் காணப்பட்ட உள்ளூர்ப் பூச்சி, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகை இலைப்பேனேயாகும். ஓரளவு காய்ப்பு நிகழ்ந்தது பெரும்பாலும் அதனால்தான் எனப் பின்னர் அறியப்பட்டது. சபாவில் அதுவும் துணைசெய்யாமையால் அங்கு நிலைமை இன்னும் மோசமாயிருந்தது.

தோட்டத்தின் பூச்சியுலகம் வேறொரு வகையிலும் குலைந்திருந்தது. 1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும் இலைதின்னும் புழுக்களை ஒழிக்க டி.டி.டி. முதலிய நெடுநாள் நிலைக்கும் நஞ்சுகள் செம்பனையில் தெளிக்கப்பட்டன. விளைவு எதிர்மாறாயிற்று. கூட்டுப்புழுப் பூச்சியைத் தின்றும் அதனுள் முட்டையிட்டும் அடக்கிவைத்திருந்த சிறு குளவிகள் முதலில் மடிந்தன. புழுவோ முன்னினும் பெருகிற்று. தெளிப்பை நிறுத்திய இடங்களில் குளவிகள் மீண்டு புழு அடங்கியதைப் பிரையன் வுட் என்னும் பூச்சியியலறிஞர் 1968-இல் வெளியான செம்பனைப் பூச்சிகள் பற்றிய தம் நூலில் விளக்கியுள்ளார். அதன் பின்னரே, குளவிக்குத் தேன் கிடைக்கும்பொருட்டுப் பாதையோரங்களில் பூச்செடிகளை நடும் வழக்கம் தோட்டங்களில் பரவலாயிற்று. இன்று சிலாங்கூர்ச் செம்பனைத் தோட்டங்களினூடே செல்வோர் காணும் மஞ்சளும் வெண்மையுமான சிறுபூக்கள் அழகிற்காக நடப்பட்டவை அல்ல. அவற்றைத் தேனீக்களும் பயன்படுத்திக்கொள்கின்றன.

காமரூனிலிருந்து வந்த கூன்வண்டு

காற்றின்மீதான நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கியவர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவரல்லர். யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டத்துறையில் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன், முன்னர் ஆப்பிரிக்காவின் காமரூனில் இருந்தவர். அங்குக் கைவேலை ஏதுமின்றிக் குலைகள் நிறையக் காய்த்ததையும், சபாவில் அவ்வாறு காய்க்காததையும், ஆப்பிரிக்கப் பாளைகளில் வண்டுகள் மொய்த்ததையும் அவர் ஒப்பிட்டு எண்ணினார். இவ்வையம் தீரும்பொருட்டுப் பொதுநலவாய உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் பூச்சியியலறிஞர் ரகுமான் சையத் ஆய்வில் அமர்த்தப்பட்டார். அவர் மலேசியாவிலும் காமரூனிலும் பாளைகளை உற்றுநோக்கி, செம்பனை பூச்சியாலேயே பெரிதும் கருவுறுகின்றது என்பதை 1979-இல் வெளியான கட்டுரையில் நிறுவினார். காமரூனில் அதனைச் செய்வன கூன்வண்டினங்கள். அவற்றுள் ஓரினம் மலேசியத் தட்பவெப்பத்திற்கு மிகப் பொருத்தமானதெனத் தெரிந்தெடுக்கப்பட்டது.

அவ்வண்டின் வாழ்க்கைமுறை வியப்பிற்குரியது. பூத்து முடிந்த ஆண்பூவில் அது முட்டையிடும். புழு அழுகும் ஆண்பூவையே உண்டு சுமார் இரண்டு மூன்று வாரத்தில் வண்டாகும். ஆண் பாளையைவிட்டு அது நீங்கவேண்டிய தேவையே இல்லை. ஆயினும் பெண் பாளையும் அதே சோம்பு மணத்தைப் பரப்புவதால், வண்டு ஏமாந்து அங்குச் சென்று, ஒன்றும் கிடைக்காமல் திரும்புகின்றது. அதன் உடலில் ஒட்டிய மகரந்தம் அவ்வேமாற்றத்தின்போது இடம்பெயர்கின்றது. உணவு தேடும் தேனீயால் செய்ய முடியாததை, மணத்தால் ஏமாறும் வண்டு செய்கின்றது.

வேற்று நாட்டுப் பூச்சியைக் கொண்டுவருதல் பெரும் இடருடையதாகையால், அது வேறு பயிர்களைத் தாக்குமா என்பது காமரூனிலும், 1980-இல் இங்குக் கொண்டுவரப்பட்ட பின்னர்த் தனிமைப்படுத்திய கூடத்திலும் சோதிக்கப்பட்டது. 1981 பிப்ரவரியில் ஜொகூர், குளுவாங் வட்டாரத்து மாமோர் தோட்டத்திலும் அடுத்த மாதம் சபாவிலும் வண்டுகள் விடப்பட்டன. ஓராண்டு அளவில் அவை தீபகற்பம் முழுவதும் பரவின. குலை கனத்தது, பருப்பு விளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு பெருகிற்று. சையத், லா, கோர்லி ஆகிய மூவரும் 1982-இல் தோட்ட அதிகாரிகளின் இதழான ‘தி பிளாண்டர்’-இல் இவ்வெற்றியை விரிவாக எழுதினர். உலக வேளாண் வரலாற்றில் பூச்சியொன்றை வேண்டுமென்றே குடியேற்றிப் பெற்ற மிகச்சிறந்த பயன்களுள் ஒன்றாக இது இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது.

அக்கணக்கில் மிச்சம் என்று எழுதப்பட்டவற்றுள் ஒன்று கைம்மகரந்தத் தூவலுக்கான கூலி. நிருவாகத்தின் ஏட்டில் மிச்சமாகத் தோன்றியது லயத்தில் ஒரு வேலைப்பிரிவின் மறைவாகும். அப்பெண்கள் களைக்கும் உரத்திற்கும் மருந்துக்கும் உதிர்பழத்திற்கும் மாற்றப்பட்டிருப்பர். முள்ளிற்கும் வெயிலுக்கும் ஆட்பட்ட ஒரு கடும்வேலை ஒழிந்தது நன்றே என்று கூறுவாரும் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை. தூவும் கருவியைக் கீழே வைத்தவர்களுட் சிலரேனும் அதன்பின் நஞ்சுத் தெளிப்பானைத் தோளில் ஏற்றியிருப்பர் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். இம்மாற்றத்தின் ஒருபக்கம் அதிகாரிகளின் இதழில் பதிவாயிற்று. மறுபக்கத்தை அறிந்தோர் இன்று எழுபதும் எண்பதும் கடந்த மூதாட்டியர். கிள்ளான், பந்திங், கோலசிலாங்கூர் வட்டாரங்களின் வாய்மொழி வரலாற்றைத் திரட்டும் மாணவர்கள் பால்வெட்டு பற்றிக் கேட்பதோடு பாளையைப் பற்றியும் கேட்டல் வேண்டும். அக்காலச் சம்பளப் புத்தகங்களும் சம்பள உடன்படிக்கைகளும் எங்கேனும் எஞ்சியிருப்பின் அவையும் பயன்படும்.

வண்டிற்குப் பின்

வண்டு வந்தபின்னும் சிக்கல் முற்றும் தீர்ந்துவிடவில்லை. அதன் பெருக்கம் ஆண் பாளையின் எண்ணிக்கையைச் சார்ந்தது. பெண் பாளையே மிகுந்த புதிய இனங்களை நடும்போது வண்டுக்கு வீடில்லாமற் போகின்றது. பூத்துமுடிந்த ஆண் பாளையிலுள்ள புழுக்களை எலிகள் தின்கின்றன. தொடர்மழை வண்டின் பறத்தலைத் தடுக்கின்றது. பெரும்பரப்பு முழுவதும் ஒரேயொரு பூச்சியை நம்பி நிற்பதன் இடர் 1990-கள் முதல் அவ்வப்போது வெளிப்பட்டு வருகின்றது. நூறு பூவிற்கு நூறு பூச்சி வந்துபோகும் காட்டில் ஓரினம் குறைந்தால் மற்றொன்று ஈடுசெய்யும். செம்பனை வயலில் அத்தகைய மாற்று இல்லை.

இதே காலத்தில் நாட்டுத் தேனீக்களின்மீதும் கவனம் திரும்பியது. 1980-களில் செர்டாங் வேளாண் பல்கலைக்கழகத்தார் அடுக்குத்தேனீ வளர்ப்பை ஆய்ந்து சிற்றுழவரிடையே பரப்ப முயன்றனர். 2010-களில் கெலுலுட் வளர்ப்பு நாடெங்கும் பெருகி, 2017-இல் அதன் தேனுக்குத் தனித் தரநிர்ணயமே வகுக்கப்பட்டது. எனினும் தேன் விலையுள்ள பொருளாதலால் எழுந்த கவனமே இது. பூசணிப்பூவிற்கும் கத்தரிப்பூவிற்கும் வேண்டிய தனித் தேனீக்களுக்குச் சந்தை இல்லை. ஆகவே அவற்றிற்குப் புரவலரும் இல்லை. அவை கூடமைக்கும் காய்ந்த மரக்கட்டையும் வெற்று மண்மேடும் கிள்ளான் பள்ளத்தாக்கில் நாள்தோறும் குறைந்து வருகின்றன. சுங்கை பூலோவின் பழைய ரப்பர் ஆய்வு நிலத்தின் பெரும்பகுதியும் புதுநகராக எழும்பியுள்ளது.

காய்ப்புக் குறையும் இளஞ்செம்பனை வயல்களில், குறிப்பாகச் சபாவிலும் சரவாக்கிலும், கையால் மகரந்தம் தூவும் முறை அண்மைக் காலத்தில் மீண்டும் தலைகாட்டியுள்ளது. இந்தோனேசியாவில் சில தோட்டங்கள், வண்டுகளைப் பெட்டிக்குள் பொரிக்கவைத்து, அவை வெளியேறுகையில் அவற்றின்மீது மகரந்தத்தைப் படியச்செய்து வயலுக்குள் விடும் முறையையும் கையாண்டுள்ளன. டால்க் தூளும் சிறு தூவற்கருவியும் மூன்றுநாட் சுற்றும் ஏறக்குறைய முன்போலவே உள்ளன. நிரையில் நடப்போர் மட்டும் மாறியுள்ளனர். சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து தமிழர் நகர்ப்புறத்து அடுக்ககங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். இன்று அந்நிரைகளில் பாளையின் மணத்தை முகர்வோரிற் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்து வந்த தொழிலாளர்.